பெரிய சிக்லிட் தொட்டியில் எந்த மீனோடு எந்த மீன் சேரும்?

ஆஸ்கர் என்ற சிக்லிட் மீனின் குஞ்சை வாங்கி வரும்போது அது சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். கறுப்பும் வெள்ளையும் கலந்த உடம்பு, முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண். கடையில் அதே தொட்டியில் ஏஞ்சல், பாரட், ஜாக் டெம்ப்ஸி, சக்கர் எல்லாம் அதே அளவில் சண்டை சச்சரவு இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். இதைப் பார்த்துத்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். விற்பனைத் தொட்டியில் அவை அமைதியாக இருப்பதற்குக் காரணம், எல்லாமே குஞ்சுகள், அப்புறம் எந்த மீனாலும் தனக்கென்று ஓர் இடம் பிடிக்க முடியாத அளவுக்கு நெருக்கி அடைத்து வைத்திருக்கிறார்கள். நல்ல தண்ணீரும் தீனியும் கிடைத்தால் அந்த ஆஸ்கர் முதல் வருடம் மாதத்துக்கு ஏறக்குறைய 2.5 செ.மீ. வளரும். வருடம் முடிவதற்குள் ஒரு சாணைத் தாண்டிவிடும், பிறகு மெதுவாக 30 செ.மீ.க்கு மேல் போகும். அன்றைக்கு அதன் பக்கத்தில் நீந்திய நியான் டெட்ரா அப்போதும் 3 செ.மீ.தான் இருக்கும், அதுவும் உயிரோடு இருந்தால்.

அதனால் 'இந்த மீனும் அந்த மீனும் சேருமா' என்று கேட்கும்போது, முழுதாக வளர்ந்த இரண்டு மீன்களை, அதுவும் உங்கள் தொட்டியின் நீள அகலத்துக்குள், மனதில் வைத்துத்தான் கேட்க வேண்டும். என் அனுபவத்தில் இதற்கு ஒரு நல்ல வழி, முதலில் ஒரே ஒரு மீனை முடிவு செய்வது. இந்தத் தொட்டி யாருக்காக? ஆஸ்கருக்காகவா, ஜியோஃபேகஸ் கூட்டத்துக்காகவா, பீகாக் சிக்லிட்களுக்காகவா? அந்த ஒன்றைத் தலைமை மீனாக வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ற மாதிரி தேர்ந்தெடுங்கள். பிடித்த மீன் ஐந்தாறை வாங்கிவிட்டு அவற்றை எப்படிச் சேர்த்து வைப்பது என்று யோசிப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் தலைவலி வருகிறது.

சிக்லிட் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. இது ஒரு பெரிய மீன் குடும்பம், இதுவரை பெயரிடப்பட்ட இனங்களே 1,700-க்கு மேல். நமக்குத் தெரிந்த ஜிலேபி மீன் ஒரு சிக்லிட்தான். ஏஞ்சலும் டிஸ்கஸும் அப்படியே. மற்ற பல மீன்கள் முட்டையைத் தூவிவிட்டுப் போய்விடும், சில அந்த முட்டையைத் தானே தின்றும்விடும். சிக்லிட் அப்படி இல்லை. ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, வாயால் சுரண்டிச் சுத்தம் செய்து, முட்டையிட்டு, துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் காக்கும். குஞ்சு பொரித்த பிறகும் கூட்டமாக ஓட்டிக்கொண்டு திரியும். மலாவி ஏரிச் சிக்லிட்களில் தாய் மீன் முட்டைகளை வாய்க்குள்ளேயே 3 வாரம் போல வைத்திருக்கும், அந்த நாட்களில் அநேகமாக எதுவும் சாப்பிடாது. இப்படி வளர்க்கும் மீனுக்குச் சொந்தமாக ஓர் இடம் வேண்டும், அந்த இடத்துக்குள் வேறு யாரும் வரக் கூடாது. சிக்லிட்டின் கோபம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். இதைப் புரிந்துகொண்டால் யாரை யாரோடு போடக் கூடாது என்பது பாதி புரிந்துவிடும்.

இடம்தான் பிரச்சினை என்பதால் தொட்டியின் அளவிலிருந்தே ஆரம்பிக்கலாம். பெரிய சிக்லிட்கள் பலவற்றைச் சேர்த்து வைக்க 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்பது நல்ல தொடக்கம். அதில் ஏறக்குறைய 680 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீரின் எடை மட்டுமே 680 கிலோ, கண்ணாடி, கல், மணல் எல்லாம் தனி, எனவே அது நிற்கப்போகும் தரையையும் ஸ்டாண்டையும் பற்றி முதலிலேயே யோசியுங்கள். லிட்டர் கணக்கைவிடத் தரைப்பரப்பு முக்கியம். சிக்லிட் எல்லையைப் பிரிப்பது தரையில்தான், உயரத்தில் இல்லை. உயரமான, குறுகலான தொட்டி அழகாக இருக்கலாம், ஆனால் துரத்தப்படும் மீன் ஓடித் தப்பிக்க நீளம் வேண்டும், திரும்ப அகலம் வேண்டும். 30 செ.மீ. மீன் ஒன்றரை அடி அகலத் தொட்டியில் உடம்பை வளைத்துத் திரும்புவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

அடுத்தது தண்ணீர். இதை நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்குக் கடினமான, அதாவது தாது உப்பு அதிகமுள்ள, காரத்தன்மையுள்ள தண்ணீர் வேண்டும், அமில கார அளவைச் சொல்லும் பி.எச். 7.8 முதல் 8.6 வரை. டாங்கனிக்கா ஏரியில் அது 9 வரைக்கும் போகும். தென்னமெரிக்க ஆறுகளிலிருந்து வந்த டிஸ்கஸ், ஏஞ்சல், சிவெரம், ஆஸ்கர் போன்றவற்றுக்கு மென்மையான, கொஞ்சம் அமிலம் பக்கம் சாய்ந்த தண்ணீர். மத்திய அமெரிக்காவின் ஃபயர்மவுத், கன்விக்ட், ஜாக் டெம்ப்ஸி எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில், சற்றுக் கடினமான தண்ணீரில் வாழ்பவை. தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த அமெரிக்க மீன்கள் பி.எச். 7-ஐ ஒட்டிய தண்ணீரில் பிரச்சினை இல்லாமல் இருக்கும், அதனால் தென், மத்திய அமெரிக்க மீன்களைப் பார்த்துப் பார்த்துக் கலக்கலாம். ஆப்பிரிக்க ஏரி மீன்களை மட்டும் அவற்றோடு சேர்க்காதீர்கள். தண்ணீர் ஒத்துவராது என்பது ஒன்று. சண்டையில் இரு தரப்பும் காட்டும் சைகைகளும் வேகமும் வேறு என்பது இன்னொன்று. உங்கள் குழாயில் வரும் தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து மீனை வளர்ப்பதுதான் சுலபம். வாரா வாரம் மருந்து போட்டுத் தண்ணீரை மாற்றியமைப்பது நீண்ட நாள் நடக்காது.

இனி மீன்கள். ஆஸ்கரைத் தலைமை மீனாக எடுத்துக்கொள்வோம், பலரும் அதைத்தான் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். ஆஸ்கர் உருவத்துக்கு ஏற்ற முரடு இல்லை. தீனி போடுபவரை அடையாளம் கண்டு கண்ணாடிக்கு வந்து நிற்கும், தொட்டியில் வைத்த கல்லையெல்லாம் தன் இஷ்டத்துக்கு நகர்த்தும். ஆனால் வாய்க்குள் போகும் எதையும் விழுங்கிப் பார்க்கும், தண்ணீரை நிறைய அழுக்காக்கும். அதனால் அதோடு சேரப்போகும் மீன் குறைந்தது அதன் பாதி அளவாவது இருக்க வேண்டும், உடம்பு தடித்ததாகவோ வட்டமாக உயர்ந்ததாகவோ இருக்க வேண்டும், ஒரு மோதலில் பயந்து மூலையில் ஒடுங்கிவிடாததாக இருக்க வேண்டும். சிவெரம் இதற்குப் பொருத்தமானது. 20 செ.மீ. வளரும், நிதானமானது, தாவரத் தீனியையும் விரும்பும். சாக்லேட் சிக்லிட் 30 செ.மீ. வந்தாலும் அந்த அளவு மீன்களில் மிகச் சாதுவானது, அதை ஏன் இன்னும் நிறையப் பேர் வளர்ப்பதில்லை என்று நான் அடிக்கடி நினைப்பேன். நீல அகாரா 15 செ.மீ.தான், ஆனால் ஆஸ்கர் குஞ்சாக இருக்கும்போதே சேர்த்து வளர்த்தால் தாக்குப்பிடிக்கும்.

ஜியோஃபேகஸைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பெயருக்கே 'மண் தின்னி' என்றுதான் அர்த்தம். மெல்லிய மணல் போட்ட தொட்டியில் காலையில் ஒரு பத்து நிமிடம் அதன் முன்னால் உட்கார்ந்து பாருங்கள். தலையைச் சாய்த்து மூக்கு வரை மணலுக்குள் நுழைக்கும், வாய் நிறைய அள்ளும், நின்ற இடத்திலேயே மெல்லும். அப்போது செவுள் இரண்டு பக்கமும் மணல் பொடிப்பொடியாக, சல்லடையில் மாவு உதிர்வதைப் போல, விழும். தின்னக்கூடியதை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்பிவிட்டு அடுத்த வாய்க்கு நகரும். நாள் முழுக்க இதே வேலை என்பதால் அடுத்தவரிடம் வம்புக்குப் போக அதற்கு நேரம் குறைவு. ஐந்தாறு மீன்களாக வைத்தால் தங்களுக்குள்ளேயே சின்னச் சின்ன உரசல்களைத் தீர்த்துக்கொள்ளும், ஒன்றோ இரண்டோ மட்டும் வைத்தால் பலவீனமானது அடிபட்டே சாகும். கூர்மையான கூழாங்கல் போட்ட தொட்டியில் இந்த மீனை வைக்காதீர்கள், வாயும் செவுளும் புண்ணாகிவிடும்.

இப்போது ஜோடி விஷயம். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு கன்விக்ட் ஜோடியிடம். 5 அடித் தொட்டியில் சிவெரம் இரண்டு, ஃபயர்மவுத் ஒன்று, அகாரா ஒன்று, சில்வர் டாலர் ஐந்து என்று ஒரு வருடம் நன்றாகத்தான் போனது. கன்விக்ட் இரண்டும் என் உள்ளங்கையைவிடச் சிறியவை. ஒருநாள் சாயங்காலம் விளக்கைப் போட்டபோது தொட்டி காலியாக இருப்பதைப் போலத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் ஒன்பது மீன்களும் வலது மேல் மூலையில், ஹீட்டருக்குப் பின்னால், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இடது பக்கம் கவிழ்த்து வைத்திருந்த மண்சட்டிக்குள் முட்டை. பெண் மீன் உள்ளே விசிறிக்கொண்டிருக்கிறது, வயிற்றில் ஆரஞ்சு நிறம் தெரிகிறது. ஆண் மீன் தொட்டியின் நடுவில், துடுப்பையெல்லாம் விரித்து, கறுப்புப் பட்டைகள் மைபோல் இருண்டு, இப்படியும் அப்படியும் ரோந்து போகிறது. ஒரு சிவெரம் அரை அடி இறங்கியது, அவ்வளவுதான், அம்பு மாதிரி பாய்ந்து அதன் வாலில் ஒரு துண்டைப் பிய்த்துவிட்டது. தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய மீனை. அந்தச் சிவெரத்தின் வால் முழுதாக வளர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஜோடியை அன்று இரவே வேறு தொட்டிக்கு மாற்றினேன். முதலிலேயே ஆணும் பெண்ணுமாக வாங்கியது என் தவறு, மீன்கள் மேல் குற்றமே இல்லை.

ஆகவே பல இனம் சேர்ந்த தொட்டியில், ஜியோஃபேகஸ் மாதிரி கூட்டமாக வாழ்பவற்றைத் தவிர, ஓர் இனத்துக்கு ஒரு மீன் என்று வைப்பது பாதுகாப்பு. ஜோடி சேர ஆள் இல்லையென்றால் எல்லையின் பரப்பு சுருங்கிவிடும். ஆனால் வேறு இனமாக இருந்தாலும் தன்னைப் போலவே தெரியும் மீனை சிக்லிட் போட்டியாளராகத்தான் பார்க்கும். ஒரே மாதிரி உடம்பு, ஒரே மாதிரி பட்டை, ஒரே நிறம் என்றால் அடி விழும். நீலத்துக்குப் பக்கத்தில் சிவப்பு, தரையில் திரிவதற்குத் துணையாக நடுத் தண்ணீரில் நீந்துவது, நீளமானதற்கு அருகே வட்டமானது என்று வித்தியாசமாகத் தேர்ந்தெடுங்கள். தொட்டியும் பார்க்க அழகாக இருக்கும்.

உருவத்தைப் பார்த்துக் குணத்தை முடிவு செய்யாதீர்கள். ஃபயர்மவுத்துக்குக் கோபம் வந்தால் செவுள் மூடிகளை அகல விரித்து, ரத்தச் சிவப்பான தொண்டையை உப்பிக் காட்டும். செவுளின் கீழ் ஓரத்தில் இருக்கும் கறுப்புப் புள்ளிகள் அப்போது இரண்டு பெரிய கண்களைப் போலத் தெரியும், எதிரிக்கு முன்னால் ஒரு ராட்சத மீன் நிற்பதாகத் தோன்றும். பயமுறுத்தல்தான் அதன் ஆயுதம், 15 செ.மீ. உடம்பில் அதற்கு மேல் பெரிய பலம் இல்லை. இந்தப் பயமுறுத்தலுக்கு மசியாத மீனோடு போட்டால் அடிபடப்போவது ஃபயர்மவுத்தான். பாரட் மீனும் அப்படித்தான். அது மனிதர் உருவாக்கிய கலப்பினம், வாய் முழுதாக மூடாது, எனவே கடித்துத் தற்காத்துக்கொள்ள முடியாது. அதைச் சாதுவான மீன்களோடு மட்டும் வையுங்கள். ஜாக் டெம்ப்ஸிக்கு 1919 முதல் 1926 வரை உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த குத்துச்சண்டை வீரரின் பெயரை வைத்தார்கள். பெயர் அளவுக்கு அது மோசமில்லை என்றாலும் 20 செ.மீ.க்கு மேல் வளரும், பெரிய தொட்டியில் ஒற்றை மீனாக இருந்தால் சமாளிக்கலாம். கிரீன் டெரர் ஆண் வயது ஏற ஏற முரடாகும், அதையும் தனியொன்றாக மட்டும்.

சேர்க்கவே கூடாதவையும் உண்டு. ரெட் டெவில், ஜாகுவார், 1990-களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட ஃப்ளவர்ஹார்ன், இவை மூன்றையும் பொதுத் தொட்டியில் போடாதீர்கள். குஞ்சாக இருக்கும்போது சரியாகத்தான் இருக்கும், வளர்ந்த பிறகு ஒவ்வொன்றாகக் கொல்ல ஆரம்பிக்கும். ஃப்ளவர்ஹார்ன் பிடிக்கும் என்றால் அதற்கென்று ஒரு தொட்டி, அதில் அது மட்டும். சேர்ந்து வாழும் என்று சிலர் காட்டும் தொட்டிகளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அந்த மீன்களின் வயது என்ன என்று முதலில் கேளுங்கள்.

சிக்லிட் அல்லாத மீன்களும் இந்தத் தொட்டிக்குத் தேவை, அழகுக்காக மட்டும் இல்லை. சிக்லிட் எச்சரிக்கையான மீன். மேலே ஒரு கூட்டம் பயமில்லாமல் திறந்த வெளியில் நீந்திக்கொண்டிருந்தால், ஆபத்து இல்லை என்று புரிந்துகொண்டு கல்லுக்குப் பின்னாலிருந்து அதுவும் வெளியே வரும். கோபமும் ஒரே மீன்மேல் குவியாமல் கலைந்துபோகும். சில்வர் டாலர் இதற்கு மிகச் சரியான மீன், தட்டு மாதிரி உடம்பு என்பதால் விழுங்க முடியாது, வேகமாக ஓடும். ஆறுக்குக் குறையாமல் வையுங்கள். ஒன்று, அது செடியை மிச்சம் வைக்காது, செடி வேண்டும் என்றால் பிளாஸ்டிக்தான். டின்ஃபாயில் பார்ப், பாலா ஷார்க் இரண்டும் பொருந்தும், ஆனால் இரண்டுமே 30 செ.மீ.க்கு மேல் வளர்ந்து கூட்டமாக வாழ்பவை, 6 அடி அவற்றுக்குக் குறைவு.

அடித்தட்டு மீன்களில் ஒரு எச்சரிக்கை. பிக்டஸ் என்ற மீசைக் கெளுத்தி மெலிந்து நீளமாக இருக்கும், பார்த்தால் தீனி மாதிரியே. ஆனால் அதன் மார்புத் துடுப்பில் முள் இருக்கிறது. ஆஸ்கர் விழுங்கப் போகும்போது அந்த முள் விரிந்து தொண்டையில் குத்தி நிற்கும், உள்ளேயும் போகாது வெளியேயும் வராது, இரண்டு மீனும் செத்துப்போகலாம். சக்கர் மீனைப் பாசி தின்னும் என்று வாங்குகிறோம். சாதாரண சக்கர் 40 செ.மீ. வரும், பெரிய சிக்லிட்களுக்கு நடுவில் கவச உடம்போடு தாக்குப்பிடிக்கும், அதன் கழிவும் அதற்கேற்ற அளவு இருக்கும். சின்னதாக வேண்டுமென்றால் பிரிஸ்டில்நோஸ் 12 முதல் 15 செ.மீ.யில் நின்றுவிடும். டிஸ்கஸ் மாதிரி மெதுவான, தட்டையான மீனோடு சாதாரண சக்கரை வைக்காதீர்கள், இரவில் உடம்பில் ஒட்டிக்கொண்டு மேல்படலத்தைச் சுரண்டும்.

மலாவி ஏரித் தொட்டி வைப்பவர்களுக்கு இந்தக் கணக்குகளில் சில தலைகீழாக மாறும். பாறைகளில் பாசி சுரண்டித் தின்னும் எம்பூனாக்களைக் கொஞ்சமாக வைத்தால்தான் ஆபத்து, வலியது ஒன்று எளியது ஒன்றைக் குறிவைத்துத் துரத்தியே கொன்றுவிடும். நல்ல ஃபில்டர் போட்டு, கல்லை அடுக்கி, கூட்டமாக வைத்தால் அடி எல்லோர்மேலும் பரவிப் போய்விடும். ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது இருக்க வேண்டும். பீகாக் வேறு ரகம், நிதானமானது, புழு பூச்சி தின்பது. முரட்டு எம்பூனாவோடு போட்டால் பீகாக் நிறம் மங்கி ஒதுங்கும். தீனியும் ஒத்துவராது, எம்பூனாவுக்குப் பீகாக் சாப்பிடும் புரதத் தீனியை நாளும் கொடுத்தால் வயிறு வீங்கி இறக்கும் நோய் வருவதுண்டு. பல இன பீகாக் பெண்கள் ஒன்றுபோலவே சாம்பல் நிறத்தில் இருப்பதால் எது எந்த இனம் என்றே தெரியாமல் கலந்து குஞ்சு பொரித்துவிடும், அதைத் தவிர்க்கத்தான் பலர் ஆண் மீன் மட்டும் கொண்ட தொட்டி வைக்கிறார்கள்.

மீனை முடிவு செய்த பிறகு அவசரப்பட்டு வாங்காதீர்கள். புதுத் தொட்டியில், மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருக பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை பெரிய மீன் வேண்டாம். கல்லை மணலுக்கு மேல் வைக்காமல் தொட்டியின் அடியிலேயே நிறுத்திவிட்டு, பிறகு சுற்றிலும் மணலைக் கொட்டுங்கள், சிக்லிட்கள் அடியில் தோண்டும்போது கல் சரிந்து கண்ணாடி உடையாமல் இருக்கும். ஒரு கல்லுக்குப் பின்னால் இருக்கும் மீன் அடுத்ததன் கண்ணில் படக் கூடாது, பார்வை மறைந்தால் துரத்தல் பாதியாகக் குறையும். முடிந்தவரை எல்லாவற்றையும் குஞ்சாக, ஒரே சமயத்தில் விடுங்கள். அது முடியாதென்றால் சாதுவானதை முதலில் விட்டு, முரடானதைக் கடைசியில். ஏற்கெனவே இருக்கும் தொட்டியில் புது மீனை விடுவதற்கு முன் கற்களையெல்லாம் இடம் மாற்றிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். பழைய எல்லைகள் கலைந்துபோவதால் எல்லோருக்குமே அது புது இடம் ஆகிவிடும். புதிதாக வரும் மீனை மூன்று நான்கு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகு சேர்ப்பது நோய் விஷயத்தில் நல்லது. அப்புறம் வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீராவது மாற்ற வேண்டும். நைட்ரேட் ஏறிய தண்ணீரில் இருக்கும் ஆஸ்கருக்குத் தலையில் குழி விழும் நோய் வருவதைப் பார்த்திருக்கிறேன், அந்த மீன் எரிச்சலாகவும் இருக்கும்.

முதல் மாதம் தினமும் கவனியுங்கள். இரண்டு மீன்கள் வாயோடு வாய் கவ்வி இழுப்பது பலப்பரீட்சை, சில சமயம் ஜோடி சேர்வதற்கு முன் நடப்பதும் அதுவே, சில நொடியில் விட்டுவிட்டால் பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மேல் மூலையிலேயே நிற்கிறது, தீனிக்கு வரவில்லை, வால் கிழிந்திருக்கிறது, நிறம் கறுத்திருக்கிறது என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். இதற்காகவே ஒரு சின்னத் தொட்டியைத் தயாராக வைத்திருங்கள். அதன் ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பெரிய தொட்டிக்குள்ளேயே ஒரு மூலையில் எப்போதும் ஓடவிட்டால், அவசரத்துக்கு எடுத்து மாட்டியதும் பாக்டீரியாவோடு தயாராக இருக்கும்.

6 அடித் தொட்டிக்கு நானே இன்று புதிதாக மீன் வாங்குவதென்றால் இப்படித்தான் போவேன்: மெல்லிய மணல், நாலைந்து பெரிய கல், இரண்டு மரக்கட்டை, தலைமை மீனாக ஜியோஃபேகஸ் ஐந்து, துணைக்கு சிவெரம் ஒன்று, சாக்லேட் சிக்லிட் ஒன்று, மேலே சில்வர் டாலர் எட்டு, கல்லிடுக்கில் பிரிஸ்டில்நோஸ் ஒன்று. ஆஸ்கர்தான் வேண்டும் என்றால் சாக்லேட் சிக்லிட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆஸ்கரை, குஞ்சாகவே, ஒன்று மட்டும் விடுங்கள்.